ஏரியூர்க் குழியும் ஒரு ரப்பர் உறையும்

"லேப்டாப்புல ஃபால்ட் கோடு எதுவும் வரலைங்க சார், அதனால வண்டியில கோளாறு இல்லைங்க" என்று இனிமேல் என்னிடம் வந்து யாரும் சொல்லாதீர்கள். காலையில் உங்களில் ஒருவர் சொன்னார். யார் என்று பெயர் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, இந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். சால்வையெல்லாம் வேறு வாங்கி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. உற்சாகமாகப் பேச என்னிடம் சரக்கு இல்லை. ஒரே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

ஆழ்துளைக் கிணறு, நம் பேச்சில் போர், போடுகிற ரிக் வண்டி அது. ஓடுகிற லாரிக்கு ரேஸ் கொடுத்து எஞ்சின் வேகத்தைக் கூட்டுவது டிரைவரின் கால். நின்ற இடத்தில் வேலை செய்கிற லாரிக்கு அப்படி இல்லை. எஞ்சினின் சக்தியைப் பி.டி.ஓ. என்கிற பல்சக்கரப் பெட்டி வழியாகப் பிரித்தெடுத்து, பின்னால் இருக்கிற கம்ப்ரஸரை ஓட்டுகிறோம். அப்போது ரேஸைக் கூட்டவும் குறைக்கவும் வண்டியின் பின்பக்கப் பலகையில் இரண்டு பொத்தான்கள். ஆப்பரேட்டர் அமுக்குகிறார், கம்ப்யூட்டர் அந்த வேகத்தை அப்படியே பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேகம் நடுவேலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் இந்தத் தொழிலில் இருக்காதீர்கள். கம்ப்ரஸரின் காற்றுதான் குழிக்குள் இருக்கிற ஹேமரை இயக்கிக் கல்லை உடைக்கிறது. அதே காற்றுதான் உடைந்த தூளை மேலே தள்ளுகிறது. வேகம் விழுந்தால் காற்று போயிற்று. காற்று போனால், ஏறிக்கொண்டிருந்த தூள் மொத்தமும் திரும்ப இறங்கி, ஹேமரைச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் மேலே இழுத்தாலும் வராது, கீழே தள்ளினாலும் போகாது.

இந்த வண்டிக்கு அதுதான் வியாதி. போர் போட்டுக்கொண்டிருக்கும்போது ரேஸ் தானாக இறங்கும். ஒன்றுக்கு மூன்று முறை நம் பட்டறைக்கு வந்தது. நம் ஆட்கள் லேப்டாப்பை மாட்டினார்கள். கோடு இல்லை. பி.டி.ஓ.வைப் போட்டு, ரேஸை ஏற்றி, அரை நாள் ஓடவிட்டார்கள். அசையாமல் நின்றது. "ஆப்பரேட்டர் தெரியாம எதையோ அமுக்குறாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆப்பரேட்டர் பெயர் சின்னசாமி. நல்லம்பள்ளிப் பக்கத்து ஆள். பல வருஷமாக ரிக்கில் இருப்பவர். அவர் கடைசி முறை போகும்போது, "உங்க கேட்டைத் தாண்டுனா பேய் புடிச்சுக்குதுங்க சார், உள்ள வந்தா எறங்கிப் போயிருது" என்று சொன்னதாகவும், நம் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகவும் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த மனிதர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

நான்காவது முறை வண்டி வரவில்லை. வர முடியாது, ஹேமரைக் குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடு உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. போன் வந்த உடனே என்னைப் போகச் சொன்னார்கள். பென்னாகரம் தாண்டி ஏரியூர், அங்கிருந்து நாகமரைப் பக்கம் ஒரு மண் ரோடு. அந்த மேட்டில் நின்றால் மேட்டூர் அணையின் தேங்கிய தண்ணீர் தகதகவென்று தெரியும். நிற்கிற இடத்தில் நாக்கை நனைக்கத் தண்ணீர் கிடையாது. அந்தக் கொடுமையை அங்கே யாரும் பேசுவதுகூட இல்லை, பார்த்துப் பார்த்து மரத்துப்போய்விட்டது.

காட்டுக்காரர், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர், ஒரு பெண்மணி, மாதம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மல்பெரி வைத்து, பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கிறவர். இருந்த போர் அந்த வெயிலில் வற்றிவிட்டது. புழு மனையில் புழுக்கள் நாலாவது தோலை உரித்து எழுந்திருந்தன. அதற்கு அப்புறம்தான் அவை இலையை வண்டி வண்டியாகத் தின்னும். காட்டில் செடி காய்ந்து சுருண்டுகொண்டிருந்தது. இந்தக் குழியில் தண்ணீர் வந்தால் செடி பிழைக்கும், செடி பிழைத்தால் புழு பிழைக்கும், புழு கூடு கட்டினால் அவர் பிழைப்பார். இன்னொரு குழி போட அவருக்கு எந்த வழியும் இல்லை. இதை அவர் சொல்லவில்லை. கம்மல் இல்லாமல் காது மூளியாக இருந்தது, பார்த்தேன்.

நான் போனபோது எஞ்சின் உறுமி ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு பெருமூச்சு விட்டதுபோல இறங்கும். சின்னசாமி வியர்வையில் குளித்திருந்தார். சட்டை முழுக்கக் கல்தூள் ஒட்டி, ஆளே சுண்ணாம்பு பூசினதுபோல் நின்றார்.

"நல்லா போயிக்கிட்டு இருந்துச்சுங்க சார். தூள் ஈரமா வர ஆரம்பிச்சுச்சு. வெரல்ல புடிச்சா ஒட்டுதுங்க. தண்ணி கிட்டத்துல வந்துட்டோம்னு சத்தம் போட்டேன். செத்த நேரத்துல ரேஸ் வுழுந்துருச்சு. ஏத்துறேன், வுழுது. ஏத்துறேன், வுழுது. இப்ப ராடு சுத்த மாட்டேங்குதுங்க" என்றார்.

ஈரத் தூள். அப்படியென்றால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வறண்ட குழி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

அங்கே இன்னொருவரும் இருந்தார், ரிக் முதலாளி சார்பில் வேலை பிடிக்கிற ஏஜென்ட். வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் போன். "மெக்கானிக்கு, இதெல்லாம் நோண்டிக்கிட்டு நிக்க நேரம் இல்ல. ஜாக்கியப் போட்டுப் புடுங்கிரலாம். சாயங்காலம் இண்டூர்ல அடுத்த குழி இருக்குது" என்றார். காற்று இல்லாமல் இழுத்தால் ராடு முறியும் என்றேன். "முறிஞ்சா பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முறிஞ்சதுக்கு அப்புறம் பாக்கறதுக்கு நான் எதுக்கு? சாவியை என் கையில குடுத்துட்டு நிழல்ல போய் நில்லுங்க" என்றேன். இது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறவர் பேச்சைக் கேட்டு எதையும் இழுக்காதீர்கள். அவசரம் அவருக்கு, பழி உங்களுக்கு.

லேப்டாப்பை மாட்டினேன். கோடு இல்லை. நம் ஆட்கள் அங்கேதான் கடையைக் கட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு என்னென்ன செய்தி போகிறது என்று பார்த்தேன். கை பிரேக் போட்டிருக்கிறது, சரி. கியர் நியூட்ரல், சரி. கால் பிரேக்கை யாரும் மிதிக்கவில்லை, கிளச்சும் இல்லை, சரி. அடுத்த வரியில், ரேஸைக் குறைக்கிற பொத்தான் அமுங்கியிருக்கிறது என்று காட்டியது. போய்விடும், மறுபடி காட்டும். தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தேன். பலகைப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

புரிகிறதா? கம்ப்யூட்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. குறைக்கச் சொல்லி அதற்குக் கட்டளை வருகிறது, அது கீழ்ப்படிகிறது. சொன்ன பேச்சைக் கேட்கிறவனுக்குக் கோளாறு என்று எப்படிக் கோடு வரும்?

பின்பக்கம் போனேன். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் சந்தனம், குங்குமம். ஒருநாள் வைத்தது அல்ல. குழிக்குக் குழி வைத்தது, பழசின் மேல் புதுசாக, அடை அடையாக ஏறியிருந்தது. பொத்தானுக்கு மேல் போட்டிருந்த ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. விரலால் தொட்டேன். மேலே ஈரம். பிசுபிசுவென்று புது ஈரம். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையைத் திருப்பினேன். உள்ளே கம்பி முனைகளுக்கு நடுவில் மஞ்சளும் சந்தனமும் சேறாகக் குழைந்து, ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டிருந்தது. அந்தச் சேறு ஈரமாக இருக்கும்வரை, பொத்தானை யாரோ அமுக்குவதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும். காய்ந்தால் பேய் இறங்கிவிடும்.

நம் பட்டறையில் பூஜை இல்லை. அதனால்தான் நம் கேட்டுக்குள் வந்ததும் வண்டிக்குக் குணமாகிவிடுகிறது.

"எப்பங்க பூஜை போட்டீங்க?" என்று சின்னசாமியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாக் குழிக்கும் போடுறதுதானுங்களே. தேங்கா ஒடச்சு, அந்த வூட்டுப் பொம்பளைங்க கையால பொட்டு வச்சுத்தான் மெசினைத் தட்டுவோம். இங்க வேற பொம்பளைங்க இல்லைங்க, காலையில இந்த அக்காதான் வச்சாங்க."

"காலையில வச்சது இந்நேரம் காய்ஞ்சிருக்கணுமே."

அவர் யோசித்தார். முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஈரத் தூள் வந்ததும் அக்கா ஓடிப்போயி ஒரு சொம்புல மஞ்சத் தண்ணி கரைச்சாந்து, ஆத்தா வந்துட்டா ஆத்தா வந்துட்டான்னு மெசின் மேலயெல்லாம் ஊத்துனாங்க சார். சந்தோசத்துல. நாங்களும் கும்புட்டோம்."

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  தண்ணீர் வரப்போகிற சந்தோஷத்தில் ஊற்றிய தண்ணீர்.

வேலையை நிறுத்தக் கூடாது என்று பலகையின் இணைப்பையே பிடுங்கிவிட்டேன். கேபினில் டிரைவர் பக்கத்தில் இருக்கிற பொத்தானால் ரேஸை ஏற்றினேன். ஏறியது, நின்றது, மலைபோல் நின்றது. கோளாறைக் கண்டுபிடித்தவனுக்கு வருகிற சந்தோஷம் உங்களுக்கும் ஒருநாள் தெரியும். எனக்கு அன்று அது வரவில்லை. சின்னசாமி காற்றைத் திறந்தார். ராடைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் அசைத்துப் பார்த்தார். மாதம்மாள் அந்தக் காலிச் சொம்பைக் கையில் பிடித்தபடியே, ஒரு வேப்பங்கன்றின் அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமியைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது.

வெயில் சாய்கிறவரைக்கும் போராடினோம். ஒரு தடவை ராடு விடுபட்டதுபோல் மேலே வந்தது. சின்னசாமி, "வருது, வருது" என்று கத்தினார். மாதம்மாள் இரண்டடி முன்னால் வந்தார். அப்போது அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமல்ல, சுள்ளி முறிகிற மாதிரி. அதற்கப்புறம் ராடு சுலபமாக மேலே வந்தது. சுலபமாக வந்ததுமே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி ராடு வெறும் ராடாக வந்தது. ஹேமர் குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. இரும்பு கிடக்கிற குழியில் அதற்குமேல் துளை போட முடியாது.

"போச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சின்னசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே. எங்கள் பக்கம் ரிக் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக் கோளாறால் குழி வீணானால், பக்கத்திலேயே இன்னொரு குழியை ரிக் வண்டிக்காரர் போட்டுத் தர வேண்டும். காட்டுக்காரர் பக்கத்துத் தப்பு என்றால் கிடையாது. அதனால் ஏஜென்ட் நேராக என்னிடம் வந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சொல்லு மெக்கானிக்கு. எதனால வுழுந்துச்சு?" என்றார்.

நான் முன்கூட்டியே யோசித்துத்தான் வைத்திருந்தேன். "பொத்தான் மேல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருக்குது. உள்ள ஈரம் போயிருச்சு. உறையை மாத்தாம ஓட்டினது வண்டிக்காரங்க தப்பு. இன்னொரு குழி போட்டுக் குடுங்க" என்றேன்.

"ஈரம் எப்புடிப் போச்சு? மழையா பேஞ்சுது இங்க?" என்றார் ஏஜென்ட்.

  நின்றவர்கள் அத்தனை பேர் கண்களும் ஒரே பக்கம் திரும்பின. சொம்பு அப்போதும் அவர் கையில் இருந்தது. அவர் முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு சொம்பைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்தார்.

"நான் ஊத்துன தண்ணியாலயாங்கண்ணா?"

"ரப்பர் கிழிஞ்சதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க? அது சரியா இருந்திருந்தா ஒரு கொடம் ஊத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அத வுடுங்கண்ணா. நான் கேட்டதுக்குச் சொல்லுங்க. நான் ஊத்துனதாலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லையம்மா என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் ஏஜென்ட் பலகையைத் திருப்பிக் காட்டியிருப்பார், மஞ்சள் அங்கேயே இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கோளாறு எங்கே என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொல்லியே பழகின வாய்.

"ஆமாங்கம்மா, ஆனா..." என்றேன்.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் பேசிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ரப்பரைச் சொன்னேன். நம் பட்டறைக்கு மூன்று முறை வந்தும் பலகையைத் திருப்பிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்றேன். குழிக்குக் குழி எத்தனையோ பெண்கள் வைத்த சந்தனம் அது, உங்களுடையது மட்டும் அல்ல என்றேன். அவர் சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். "வந்த ஆத்தாளை நானே தொரத்திட்டனே" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

ஏஜென்ட்டுக்கு அந்த 'ஆமா' போதுமாக இருந்தது. "கேட்டுக்கிட்டீங்கல்ல எல்லாரும்? மெக்கானிக்கே சொல்லிட்டாரு" என்றார். நான் சண்டை போட்டேன். சட்டையைப் பிடிக்காத குறை. அங்கிருந்தே அப்போதிருந்த நம் மேனேஜருக்குப் போன் செய்து, ரப்பர் உறைதான் காரணம் என்று நம் பட்டறை சார்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த அம்மாவுக்கு இன்னொரு குழி கிடைக்கும் என்று கெஞ்சினேன்.  அவர், "அப்படிச் சொன்னா, மூணு வாட்டி நம்மகிட்ட வந்தப்போ ஏன் பாக்கலைன்னு கேப்பாங்களே சார். வுடுங்க, வந்துருங்க" என்றார். பொழுது இறங்குவதற்குள் ரிக் ஜாக்கியை மடக்கிக்கொண்டு இண்டூருக்குக் கிளம்பிவிட்டது. நான் என் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

மனம் கேட்காமல் மறு மாதம் அந்தப் பக்கம் போனேன். புழு மனைக் கதவு திறந்து கிடந்தது. தட்டுகள் காலி. இலை இல்லாமல் செத்த புழுக்களைக் காட்டு ஓரத்தில் குழி வெட்டிக் கொட்டி மூடியிருந்தார்கள். மாதம்மாள் ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டதாகப் பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். "ஊருக்கு வந்தாலும் சாமிக்குப் பொட்டு வக்கிறதில்ல, கோயிலுக்கு வர்றதில்ல. என் கை பட்டா ஆவாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. யாரு என்ன சொன்னாங்களோ" என்றார். யார் என்ன சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வண்டி இங்கே ஒழுங்காக ஓடி, அங்கே ஓடவில்லை என்றால், ஆப்பரேட்டரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அங்கே செய்து இங்கே செய்யாதது என்ன என்று உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு கேள்வி. முதல் முறை வண்டி வந்த அன்றைக்கே யாராவது அதைக் கேட்டிருந்தால் போதும். கோளாறைக் கண்டுபிடித்த பிறகு அதை யார் முன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்னால் அதே ரிக் வண்டி ஆயில் மாற்ற வந்தது. சின்னசாமி என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப ஒரு பிரச்சினையும் இல்லைங்க சார். ரேஸ் கல்லு மாதிரி நிக்குது. நீங்க கண்டுபுடிச்சதுதாங்க. பொம்பளைங்க யாரையும் வண்டிகிட்டயே வுடறதில்லைங்க. தூரமா நின்னு பாத்துக்கச் சொல்லிட்டோம்."

வண்டியின் பின்பக்கம் போனேன். பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. பொத்தான் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் அதே கிழிசல். அந்த ரப்பர் உறை தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டாலும் கிடைக்கும்.